காசிமேட்டுப் படகுக்கு நிறம் அடிப்பது யார்? வாசிப்பு, டிவி, கற்பனை பற்றி ஒரு விளக்கம்

ஜனவரி வந்தால் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி தொடங்கும். கூடவே "டிவியை அணை, புத்தகத்தை எடு" என்கிற மேடைப் பேச்சும் தொடங்கிவிடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறி நேராக நந்தனத்தில் இறங்கிவிடலாம் என்பதால், வடசென்னைக் குடும்பங்களின் காதிலும் அந்தப் பேச்சு விழாமல் இல்லை. அப்புறம் 2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள், படிக்க இடமும் வேலை பார்க்க இடமும் சேர்ந்த கட்டடம். அதிலிருந்து நூலகம், வாசிப்பு என்ற சொற்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே புழங்குகின்றன.

ஆனால் வாசிப்பு கற்பனையை வளர்க்கும், டிவி கெடுக்கும் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அது ஏன், எப்படி என்று சொல்வதில்லை. வியாசர்பாடியில் ஒரு அம்மா இப்படித் திருப்பிக் கேட்டால் என்ன பதில்: "கார்ட்டூன்ல எலி பேசுது, பூனை பறக்குது. புஸ்தகத்துல கறுப்பு எழுத்து மட்டும்தான் இருக்கு. இதுல எதுங்க கற்பனை?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

## கற்பனை என்பது முதலில் என்ன?

கற்பனை என்றால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எதையோ உண்டாக்குவது என்று நினைக்கிறோம். மூளையில் நடப்பது அப்படியில்லை. பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, உடம்பில் பட்டது எல்லாவற்றையும் அது துண்டுதுண்டாக வைத்திருந்து, தேவைப்படும்போது புது வரிசையில் கோக்கிறது. இதற்கு நல்ல சான்று லண்டனில் நடந்து 2007ல் வெளிவந்த ஓர் ஆய்வு. டெமிஸ் ஹசாபிஸ் (2024ல் வேதியியல் நோபல் வாங்கினாரே, அவரேதான்) தன் குழுவோடு சேர்ந்து, ஹிப்போகேம்பஸ் என்கிற நினைவுப் பகுதி பழுதாகிப்போன ஐந்து நோயாளிகளிடம், ஓர் அழகான கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், என்ன தெரிகிறது என்று கேட்டார். அவர்களுக்குப் புதிய நினைவுகள் தங்காது, அது முன்பே தெரிந்த விஷயம். இங்கே கேட்டது நினைவை அல்ல, கற்பனையை. பெரும்பாலோரால் முழுக் காட்சியாகக் கட்டவே முடியவில்லை. கொஞ்சம் வானம், கொஞ்சம் மணல், ஏதோ ஒரு சத்தம் என்று உதிரியாகத்தான் வந்தது. நினைவைக் கோத்துக் கட்டுகிற இடம் போனால் கற்பனையும் கூடவே போகிறது.

இன்னொரு விஷயம், கற்பனை என்றால் மனதுக்குள் படம் ஓடுவது மட்டும் இல்லை. சிலருக்கு மனக்கண்ணில் எதுவுமே தெரியாது. "உன் வீட்டு வாசலை நினைத்துப் பார்" என்றால் வாசல் எப்படி இருக்கும் என்று தெரியும், ஆனால் படம் வராது. 2015ல் ஆடம் ஸீமன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் இதற்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால் அனிமேஷனுக்கே பேர்போன பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் இந்த வகை. மனதில் ஒரு படமும் ஓடாதவர், உலகத்துக்கே படம் ஓட்டியிருக்கிறார்.

எனவே இந்தக் கட்டுரையில் கற்பனை என்று சொல்லும்போது மூன்று வேலைகளைச் சொல்கிறேன்:

1. மனக்காட்சி. இல்லாத ஒன்றைக் கண்ணுக்குள், காதுக்குள், மூக்குக்குள் கொண்டு வருவது.
2. "இப்படி நடந்தால் என்ன ஆகும்" என்று நடக்காத ஒன்றைக் கட்டி ஓட்டிப் பார்ப்பது.
3. அடுத்தவர் மனதுக்குள் புகுந்து, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசிப்பது.

பேசும் எலி, பறக்கும் பூனை எல்லாம் கற்பனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது கார்ட்டூனை வரைந்தவருடைய கற்பனை. பார்க்கிற பிள்ளை அதில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

## மூன்று வரிகளை எடுத்துக்கொள்வோம்

ஒரு கதை இப்படித் தொடங்குகிறது என்று வையுங்கள்:

"இன்னும் விடியவில்லை. படகுகள் திரும்பியிருந்தன. ஏலக் குரல்களுக்கு நடுவே அவள் மட்டும் பேசாமல் நின்றாள்."

இதில் சொல்லாதது எவ்வளவு என்று பாருங்கள். படகின் நிறம் இல்லை, எத்தனை படகு என்பது இல்லை. அவளுக்கு இருபது வயதா அறுபதா தெரியாது. கையில் கூடை இருக்கிறதா, மீன் வாங்க வந்தாளா, கடலுக்குப் போனவனைத் தேடி வந்தாளா, எதுவும் தெரியாது. ஆனாலும் படித்து முடித்த கணத்தில் உங்களுக்கு ஒரு காட்சி வந்துவிட்டது. அந்தக் காட்சியில் எழுதியவர் கொடுத்தது கொஞ்சம், மிச்சமெல்லாம் நீங்கள் உங்கள் நினைவிலிருந்து எடுத்துப் போட்டது. காசிமேட்டில் வளர்ந்த பையனுக்கு டீசல் வாடையும், ஐஸ் பெட்டியும், காலுக்கடியில் வழுக்குகிற மீன் தண்ணீரும் கேட்காமலே வந்து நிற்கும், அங்கே நிற்பவள் அவனுக்குத் தெரிந்த யாரோ ஒரு அக்காவாகவும் இருப்பாள். கோயம்புத்தூரில் இதைப் படிக்கிறவர் மெரினாவையும் தான் பார்த்த ஏதோ சினிமாவையும் கலந்து ஒன்றைக் கட்டுவார். இருவருமே சரியாகத்தான் படித்தார்கள்.

இதையே டிவியில் எடுத்தால்:

1. உருவம் முடிவாகிவிடுகிறது. படகு நீலம் என்றால் பார்க்கிற எல்லோருக்கும் நீலம்தான். அவள் வயது, சேலை, முகம் எல்லாவற்றையும் வேறு யாரோ தேர்ந்தெடுத்தாயிற்று.

2. கண்ணும் காதும் மட்டும் வேலை செய்கின்றன. வாடையை, ஈரத்தை, குளிரை ஞாபகப்படுத்த முடியும், முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அதை நினைப்பதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடும்.

3. அவள் மனதில் இருப்பதை நேரடியாகக் காட்ட வழியில்லை. எழுத்தில் அவள் நினைப்புக்குள் இரண்டு பக்கம் உட்கார்ந்திருக்கலாம். திரையில் முகம், வசனம், பின்னணி இசை, இவ்வளவுதான். அதிலும் நம் சீரியல்களில் வயலின் இழுத்து "இவள் சோகமாக இருக்கிறாள்" என்று காதில் ஓதிவிடுகிறார்கள், முகத்தை மூன்று தடவை வேறு நெருக்கத்தில் காட்டுவார்கள், யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. நல்ல நடிகர் ஒருவர் பேசாமல் நிற்கிற காட்சி வேறு ரகம். அங்கே பார்க்கிறவருக்கும் வேலை உண்டு. அதனால் டிவி என்றாலே சும்மா உட்கார்ந்திருப்பது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

படிக்கும்போது மூளை இந்த இடங்களை நிரப்புகிறது என்பது வெறும் ஊகம் இல்லை. 2009ல் நிகோல் ஸ்பியர், ஜெஃப்ரி ஸாக்ஸ் குழுவினர் அமெரிக்காவில் சிலரை எம்ஆர்ஐ ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து ஒரு சிறுவனைப் பற்றிய கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். கதையில் பையன் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் இடம் வந்தபோது, நிஜமாக ஒரு பொருளைப் பிடிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகள் படிக்கிறவர்களிடமும் கிளம்பின. அவன் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனபோது இடங்களை அறிகிற பகுதியின் இயக்கம் மாறியது. உடம்பு அசையாமல் படுத்திருக்கிறது, உள்ளே கதை நடக்கிறது.

நிரப்புகிற பொருள் நம்முடையதாக இருப்பதால்தான் படித்த கதை சினிமாவாக வரும்போது சண்டை வருகிறது. பொன்னியின் செல்வன் 2022ல் திரைக்கு வந்தபோது "நான் நினைத்த நந்தினி இவரில்லை" என்று எத்தனை வீட்டில் கேட்டது! ஆனால் இங்கே ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். 1950ல் கல்கி இதழில் அது தொடராக வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களும் கூடவே வந்தன. அன்றைய வாசகர்கள் மனதில் இருந்த வந்தியத்தேவனில் பாதி மணியத்தின் கைவண்ணம். ஓவியம் வாரத்துக்கு ஒன்றிரண்டு கணத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது, குதிரை ஓடியதும் வாள் சுழன்றதும் வாசகர் பொறுப்பு. படமே இருக்கக் கூடாது என்பதல்ல விஷயம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இது கீழே ஓர் ஆய்விலும் வரும்.

## நேரம் யார் கையில் இருக்கிறது?

இதுதான் என் கணக்கில் பெரிய வித்தியாசம், ஆனால் குறைவாகவே பேசப்படுகிறது.

நம் ஊர் டிவி முறையில் நொடிக்கு 25 பிரேம் ஓடும். நீங்கள் தயாரோ இல்லையோ, அடுத்தது வரும். படிக்கும்போது கண் வேறு விதமாக வேலை செய்கிறது. அது வரியில் வழுக்கிக்கொண்டே போவதில்லை, நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவித் தாவி நிற்கிறது. ஆங்கில வாசகர்களிடம் அளந்து பார்த்ததில் அந்தத் தாவல்களில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பின்னோக்கிப் போகின்றன, அதாவது வாசகர் தன்னை அறியாமலே திரும்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்கிறார். அதுபோக, புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு ஜன்னலை வெறிக்கிற நேரம் ஒன்று இருக்கிறதே, "அவன் ஏன் அப்படிச் சொன்னான்" என்று, கற்பனையின் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. அந்த நேரத்தில் வாசகர் ஒரு வரிகூடப் படிப்பதில்லை. டிவி முன்னால் அப்படி வெறித்தால் கதை போய்விடும்.

ரிமோட்டில் நிறுத்தலாமே என்று கேட்கலாம். நிறுத்தலாம், யார் நிறுத்துகிறார்கள்? ஓடிடி வந்த பிறகு ஒரு பாகம் முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாக ஓடுகிறது. முன்பு அப்படியில்லை. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது, பல வருஷம் ஒரே சேனல், மாலையில் சில மணி நேரம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க டிவி இருக்கும் வீட்டு வாசலில் தெருவே கூடிய காலத்தில், பார்த்தது அரை மணி, அதைப் பற்றிப் பேசியதும் நடித்துக் காட்டியதும் ஒரு வாரம். தொடர்கதைக்கும் அந்த ஒரு வார இடைவெளி இருந்தது, அடுத்த வாரம் யார் சாகப்போகிறார்கள் என்று வீட்டில் வாதம் நடக்கும். இப்போது இடைவெளிதான் காணாமல் போயிருக்கிறது. புத்தகத்தில் மட்டும் அது இன்னும் படிப்பவர் கையில் இருக்கிறது.

## ஆய்வுகள் எங்கே உறுதியாகச் சொல்கின்றன, எங்கே தயங்குகின்றன

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருந்ததால் டிவி சிக்னலே கிடைக்காத ஒரு சிற்றூர் இருந்தது. 1973ல் அங்கே டிவி வரப்போகிறது என்று தெரிந்ததும் டானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் குழுவோடு முன்கூட்டியே போய்க் குழந்தைகளைச் சோதித்து வைத்தார். ஒரு சேனல் மட்டும் கிடைத்த ஊர், பல சேனல் கிடைத்த ஊர் என்று பக்கத்து ஊர்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். ஒரு சாதாரணப் பொருளை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று கேட்கிற சோதனையில், டிவி இல்லாத ஊர்க் குழந்தைகள் மற்ற இரண்டு ஊர்களையும் விட முன்னால் இருந்தார்கள். டிவி வந்து இரண்டு வருஷத்தில் அந்த முன்னிலை காணவில்லை, எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள். 1986ல் இது புத்தகமாக வந்தது. ஒரே ஓர் ஊர், அதுவும் இன்னொரு காலம் என்பதை மறக்கக் கூடாது, ஆனால் இப்படியொரு வாய்ப்பு இனி எந்த ஆய்வாளருக்கும் கிடைக்கப்போவதில்லை.

1980களில் அமெரிக்காவில் பாட்ரிசியா கிரீன்ஃபீல்ட் குழுவினர் ஒரே கதையைச் சில குழந்தைகளுக்கு ரேடியோ போல ஒலியாகவும், சிலருக்கு டிவியாகவும் கொடுத்து, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, "மிச்சத்தை நீயே சொல்" என்றார்கள். கேட்ட குழந்தைகள் கதையில் இல்லாத புது ஆட்களையும் புது நிகழ்ச்சிகளையும் கொண்டு வந்தார்கள். பார்த்த குழந்தைகள் ஏற்கெனவே வந்ததையே திருப்பி வைத்தார்கள். ஆனால் கதையின் விவரங்களை நினைவில் வைப்பதில் டிவி பார்த்தவர்கள் கெட்டி. 1984ல் வேறு இருவர் செய்த இதே மாதிரியான ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையில் முழங்குவது சுலபம்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது 2018ல் வெளிவந்த ஜான் ஹட்டனின் ஆய்வு. அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் நான்கு வயதை ஒட்டிய 27 குழந்தைகளுக்கு, ஸ்கேன் கருவிக்குள் வைத்து மூன்று விதமாகக் கதை கொடுத்தார்கள். வெறும் குரல், குரலும் அசையாத படங்களும், முழு அனிமேஷன். வெறும் குரலில் மொழிப் பகுதி திணறியது, குழந்தைகள் புரிந்துகொள்ளவே சிரமப்பட்டார்கள். அனிமேஷனில் கண், காதுக்கான பகுதிகள் சுறுசுறுப்பாக இருந்தன, ஆனால் மொழி, மனக்காட்சி, யோசனைக்கான பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குறைந்துபோனது. படமும் குரலும் சேர்ந்தபோதுதான் எல்லாப் பகுதிகளும் ஒன்றாக இழுபட்டு வேலை செய்தன. படம் கொஞ்சம் தாங்கிப் பிடிக்க, மிச்சத்தைக் குழந்தை தானே ஓட்டியது. மடியில் உட்கார்த்திப் படக்கதை வாசித்துக் காட்டுவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வேலை, அதாவது அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது பற்றி ஒரு எச்சரிக்கை. இலக்கியக் கதையை ஒரு தடவை படித்தாலே அந்தத் திறன் கூடுகிறது என்று 2013ல் ஓர் ஆய்வு பரபரப்பாக வந்தது. பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஒரு மதியம் சிறுகதை படித்துவிட்டு யாரும் மாறிவிடப் போவதில்லை. வருஷக்கணக்கான வாசிப்பு பற்றிய பேச்சு தனி.

## வாட்ஸ்அப்பில் வருகிற ஒன்று

"டிவி பார்க்கும்போது மூளை தூக்கத்தைவிடக் குறைவாக வேலை செய்கிறது." இது தப்பு. 2004ல் யூரி ஹாசன் குழுவினர் ஒரு சினிமாவைப் பலருக்குத் தனித்தனியாகப் போட்டு ஸ்கேன் செய்தபோது, மூளைப் புறணியில் ஏறக்குறைய 30 சதவீதப் பரப்பு எல்லோரிடமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. தூங்கவில்லை, கடுமையாக வேலை செய்கிறது. இயக்குநர் எங்கே பார் என்கிறாரோ அங்கே எல்லோரும் ஒன்றாகப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

டிவிக்கு இன்னொரு நல்ல பக்கமும் உண்டு, மேலே சொன்ன ஹசாபிஸ் ஆய்வை வைத்து யோசித்தால் புரியும். கற்பனைக்குச் சரக்கு வேண்டும். கொருக்குப்பேட்டையை விட்டு வெளியே போகாத பிள்ளைக்கு, பனி மலை என்ற சொல் வெறும் சொல். ஒரே ஒரு ஆவணப்படத்தில் பனி மலையைப் பார்த்துவிட்டால், அப்புறம் படிக்கிற எல்லாக் கதையிலும் அந்தப் பனி உதவிக்கு வரும்.

## எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

"புத்தகம் படி" என்கிற அறிவுரை பல வீடுகளில் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

பேச்சு மனிதனோடு கூடப் பிறந்தது. எழுத்து வந்து ஐயாயிரம் வருஷம்தான் ஆகிறது. மூளையில் படிப்பதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. முகம், பொருள், உருவம் இவற்றை அடையாளம் காணும் பகுதியின் ஓரத்தில், இடது பக்கம், ஒரு துண்டை எழுத்துக்காக மாற்றிக்கொள்கிறோம். பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் 2010ல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், பெரியவர்களான பிறகு கற்றவர்கள் மூவரையும் ஒப்பிட்டு இதைக் காட்டினார். வயதான பிறகு கற்றாலும் அந்த மாற்றம் நடக்கிறது, அது நல்ல செய்தி. ஆனால் பழக்கம் வேண்டும். சைக்கிள் பழகும் பையன் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருக்கும் வரை தெருவில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அதுபோல "நி-ன்-று-கொ-ண்-டி-ரு-ந்-தா-ள்" என்று கூட்டி முடிப்பதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துபோகும். அங்கே படகும் வராது, கடலும் வராது. அந்தப் பிள்ளையிடம் போய், "டிவியைவிடப் புத்தகம் சுவாரஸ்யம்" என்றால் நம்மைப் பொய் சொல்கிறவராகத்தான் பார்க்கும்.

தமிழில் இதற்கு மேல் இன்னொரு சுமை. வீட்டில், தெருவில் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. "குந்திக்கினு இருந்தான்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு "அமர்ந்திருந்தான்" என்பது ஏறக்குறைய பாடப்புத்தகத்தில் மட்டும் வாழ்கிற மொழி. எழுத்தும் புதிது, தமிழும் பாதி புதிது. டிவியில் வருவதோ பேச்சுத் தமிழ், உடனே புரிகிறது. பிள்ளை எதை எடுக்கும்?

வழி காது வழியாகத்தான் இருக்கிறது. யாராவது வாசித்துக் காட்டும்போது:

1. எழுத்துக் கூட்டும் வேலை மிச்சமாகிறது. அந்தச் சக்தி முழுக்கக் காட்சி கட்டப் போகிறது.
2. புத்தகத் தமிழின் ஓசை பழகுகிறது. பிறகு தானே படிக்கும்போது அந்த வாக்கியங்கள் அந்நியமாக இருக்காது.
3. கண் சும்மா இருக்கிறது. இது முக்கியம். 1967ல் லீ புரூக்ஸ் என்ற உளவியலாளர் காட்டியது இது: இடங்களையும் அமைப்புகளையும் மனதில் வரைய வேண்டிய செய்தியாக இருந்தால், அதைப் படிக்கிறவர்களைவிடக் கேட்கிறவர்களுக்கு வரைவது சுலபம். படிப்பதும் கண் வேலை, மனப்படமும் கண் சார்ந்த வேலை, இரண்டும் முட்டிக்கொள்கின்றன. எழுத்து மட்டும்தான் உயர்ந்தது என்று பேசுகிற என்னைப் போன்ற புத்தகப் பிரியர்களுக்குக் கொஞ்சம் கசப்பான முடிவு.

பாட்டி சொல்கிற கதையும், இராத்திரி முழுக்க நடந்த தெருக்கூத்தும், சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவும் கற்பனைக்குச் செய்ததைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதும் இதில் அடங்கும். வடசென்னையில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் அசந்துபோகிற அளவுக்குக் கதை சொல்வார்கள். அவர்களிடம் புத்தகம் இருந்ததில்லை, கேட்டுக் கேட்டுக் கட்டிய உலகம் இருந்தது.

அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்த சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுக்கிறார்களே, அதன் அடிப்படையும் இதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'நட' புத்தகம் பொருந்தினால் அதைக் கொடுக்க வேண்டும். வயதுக்கேற்ற புத்தகம் என்று தடிப் புத்தகத்தைத் திணித்தால் அது அட்டையோடு நிற்கும்.

## ஒற்றை அறை வீட்டில் இது எப்படி?

ராயபுரம், புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் கூடம், படுக்கையறை, படிக்கும் இடம் எல்லாமே ஒரே அறை. டிவியும் அங்கேதான். 2006ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்துக்குப் பிறகு டிவி இல்லாத வீட்டைத் தேட வேண்டியதாகிவிட்டது. புத்தகம் அப்படி வரவில்லை. மூர் மார்க்கெட் இருந்தவரை பழைய புத்தகம் மலிவாகக் கிடைத்தது. 1985ல் அது எரிந்துபோன பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின, பழைய கூட்டம் வரவில்லை. கிளை நூலகங்கள் இருக்கின்றன. 1948ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்ததிலிருந்து நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது, ஆகவே அது நாம் காசு கட்டிய இடம்தான்.

டிவி ஓடுகிற அறையில் யாருமே அதைப் பார்க்கவில்லை என்றாலும் பாதிப்பு உண்டா? உண்டு. 2008ல் அமெரிக்காவில் ஒன்று முதல் மூன்று வயது வரையான 50 குழந்தைகளைப் பொம்மைகளோடு ஓர் அறையில் விளையாட விட்டு, பாதி நேரம் பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சியை டிவியில் ஓடவிட்டார்கள். குழந்தைகள் அதைப் பெரிதாகக் கவனிக்கவே இல்லை, எப்போதாவது சில நொடி திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு விளையாட்டும் சீக்கிரம் அறுந்துபோனது. பொம்மைக்குச் சோறு ஊட்டுவது, காரை ஓட்டிக் கடைக்குப் போவது என்று தானாகக் கதை கட்டுகிற நீளம் குறைந்தது. இரண்டாவது வேலை என்று மேலே சொன்னேனே, "இப்படி நடந்தால் என்ன", அதன் ஆரம்பப் பள்ளிக்கூடமே இந்த விளையாட்டுதான்.

அதனால் சீரியல் நேரத்தில் பாட்டியோடு மல்லுக்கு நிற்பதில் பெரிய பயன் இல்லை. அவர் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021ல் சொன்னதையும் அந்த வீட்டில் முழுசாகக் கடைப்பிடிப்பது கஷ்டம், மருத்துவர்களுக்கும் அது தெரியும். அணைக்க வேண்டியது யாரும் பார்க்காமல் சும்மா கத்திக்கொண்டிருக்கிற நேரத்தை. பல வீடுகளில் அது பள்ளி விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். அதில் கால் மணி நேரம் அக்காவோ அண்ணனோ சின்னதுக்கு வாசித்துக் காட்டினால் வாசிக்கிறவருக்கும் சரளம் வரும், கேட்கிறவருக்கும் காட்சி வரும். புத்தகத்துக்குக் கிளை நூலகம் போகிறவர்கள் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். முழு நேரக் கிளைக்கும் பகுதி நேரக் கிளைக்கும் நேரம் வேறு, பல கிளைகளில் வார விடுமுறை ஞாயிறு இல்லை, வெள்ளிக்கிழமை.